வீட்டில் சமைத்து விற்கலாமா? பதிவு எளிது, பாக்கெட்டில்தான் சிக்கல்

தீபாவளி நெருங்கினால் மாவட்ட நிர்வாகங்களிடமிருந்து ஓர் அறிவிப்பு தவறாமல் வரும். இனிப்பு, கார வகைகள் தயாரிப்போர் அனைவரும், வீட்டில் செய்து விற்போர் உட்பட, உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அன்று மாலைக்குள் அது வாட்ஸ்அப் குழுக்களில் வேறு உருவம் எடுத்துவிடும். வீட்டில் முறுக்கு சுட்டு விற்றால் ஆறு மாதம் ஜெயில் என்று ஒரு தரப்பு சொல்லும். வீட்டுச் சமையலுக்கு எந்தச் சட்டமும் பொருந்தாது, யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்று மறுதரப்பு சொல்லும். இரண்டுமே தவறு. வீட்டு அடுக்களைக்கு விலக்கு கிடையாது. ஆனால் சிறிய அளவில் செய்பவர்களுக்குச் சட்டமே ஒரு குறுக்குவழியைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வழி பலர் அஞ்சுவதைவிடச் சுலபம். சிக்கல் தொடங்குவது அதைத் தாண்டிய பிறகுதான்.

சட்டத்தின் கண்ணில் உணவு வணிகம்

இந்தியாவில் உணவு விற்பனை முழுவதும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கான விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளன. நாடு முழுவதற்கும் விதிமுறைகளை வகுப்பது எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற ஆணையம். தமிழ்நாட்டில் அவற்றைக் களத்தில் செயல்படுத்துவது உணவுப் பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறை. மாவட்ட அளவில் நியமன அலுவலரும், அவருக்குக் கீழே உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் இருக்கிறார்கள்.

உணவு வணிகம் என்பதற்கு இந்தச் சட்டம் தரும் வரையறை மிக அகலமானது. லாபத்துக்காக நடந்தாலும் இல்லாவிட்டாலும், உணவைத் தயாரிப்பது, பதப்படுத்துவது, பொட்டலமிடுவது, சேமிப்பது, கொண்டுசெல்வது, விற்பது எல்லாமே அதில் அடங்கும். அடுக்களை வீட்டில் இருக்கிறதா, கடைத்தெருவில் இருக்கிறதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. அன்னதானக் கூடங்களையும் பதிவு செய்யச் சொல்வது இதனால்தான். பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பும் பாயசம் வணிகம் ஆகாது. அதே பாயசத்துக்கு லிட்டர் கணக்கில் ஆர்டர் பிடித்தால் ஆகிவிடும்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வீட்டு உணவுக்கென்றே தனிச் சட்டங்கள் உண்டு. எளிதில் கெட்டுப்போகாத ரொட்டி, ஜாம் போன்ற பண்டங்களைப் பட்டியலிட்டு, அவற்றை வீட்டில் செய்து விற்க அவை வழிவிடுகின்றன. இந்தியச் சட்டம் அப்படிப் பண்டத்தைப் பார்த்துப் பிரிப்பதில்லை. பெரும்பாலும் வியாபாரத்தின் அளவைப் பார்த்தே பிரிக்கிறது. அதனால் முறுக்கு விற்பவரும் மீன் குழம்பு விற்பவரும் நிரப்புவது ஒரே படிவம். இது சட்டத்தின் பலவீனம் என்றே சொல்லவேண்டும். ஈரப்பதம் வற்றப் பொரித்த முறுக்கில் கிருமி பெருக வழியில்லை. வடித்த சோறு அப்படியல்ல. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் அது மணிக்கணக்கில் கிடந்தால் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது விட்டுச்செல்லும் வாந்தி நச்சு, சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. படிவம் இந்த வேறுபாட்டைக் கேட்காது. சமைப்பவர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பதிவா, உரிமமா?

சட்டத்தின் 31ஆம் பிரிவு உணவு வணிகர்களை இரண்டாகப் பிரிக்கிறது. பொதுவாக எல்லோருக்கும் உரிமம் வேண்டும். தாமே தயாரித்து விற்கும் சிறு தயாரிப்பாளர், சிறு வியாபாரி, தலைச்சுமையாகவும் தள்ளுவண்டியிலும் விற்பவர், குடிசைத் தொழில் செய்பவர் ஆகியோருக்கு மட்டும் உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் பதிவு செய்துகொண்டால் போதும்.

சிறு தயாரிப்பாளர் யார் என்பதற்கு 2011 விதிமுறைகள் போட்ட கோடு, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய், உற்பத்தி நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது 100 லிட்டர். விற்றுமுதல் என்றால் கையில் நிற்கும் லாபம் அன்று, வந்த மொத்தப் பணம். 100 ரூபாய் மதியச் சாப்பாட்டை நாளுக்கு 40 பேருக்கு, மாதம் 25 நாள் கொடுத்தால் ஆண்டுக்குச் சரியாக 12 லட்சம் ஆகிவிடும். ஓரளவு ஓட்டமுள்ள ஒரு மெஸ் இந்தக் கோட்டைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. தாண்டினால் மாநில உரிமம் எடுக்கவேண்டும். அதற்கு இடத்தின் உரிமை அல்லது வாடகை ஆவணம் முதல் கேட்கப்படும் தாள்கள் அதிகம், கட்டணமும் அதிகம். இத்தகைய வரம்புகளும் கட்டணங்களும் ஆணையத்தின் அறிவிக்கை வழியாக மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் ஃபாஸ்காஸ் என்ற, உணவு உரிமத்துக்கும் பதிவுக்குமான எஃப்எஸ்எஸ்ஏஐ இணையதளம் காட்டும் தொகையே கணக்கு.

பதிவு நடக்கும் விதம்:

1. ஃபாஸ்காஸ் தளத்தில் படிவம் 'ஏ' நிரப்பவேண்டும். புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று தேவை. 2011 விதிமுறைகளின்படி கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இடைத்தரகர்கள் இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்பது அவர்களுடைய கூலியே. அரசுக் கட்டணம் அன்று.

2. விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் அதிகாரி பதிவு வழங்கவேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்கவேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக அறிவிக்கவேண்டும்.

3. ஆய்வு என்றால் 30 நாட்களுக்குள் முடிவு தெரியவேண்டும். 7 நாட்களில் எந்தப் பதிலும் இல்லை, அல்லது 30 நாட்களில் முடிவு வரவில்லை என்றால் சிறு தயாரிப்பாளர் தொழிலைத் தொடங்கலாம். விண்ணப்ப ஒப்புகையைப் பத்திரப்படுத்துவது இதற்காகத்தான்.

4. கிடைக்கும் பதிவு எண் 14 இலக்கம் கொண்டது. 2022 ஜனவரி முதல் ரசீதிலும் அந்த எண்ணைக் குறிப்பிடவேண்டும்.

அந்த எண்ணைத் தரச் சான்று என்று விளம்பரப்படுத்துவோர் உண்டு, அப்படியே நம்பி வாங்குவோரும் உண்டு. வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுநர் திறமைசாலி என்று ஆகிவிடாது. விற்பவர் யார், எங்கே இருக்கிறார் என்பது அரசுக்குத் தெரியும் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை.

அந்த ஆறு மாதச் சிறை எங்கிருந்து வந்தது?

வதந்திக்கு வேர் உண்டு. உரிமம் இல்லாமல் உணவு வணிகம் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்று சட்டம் இயற்றப்பட்டபோதே 63ஆம் பிரிவில் எழுதப்பட்டது. ஆனால் அதே பிரிவு, உரிமத்திலிருந்து விலக்குப் பெற்ற சிறு தயாரிப்பாளர்களை அடைப்புக்குறிக்குள் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. பரப்புகிறவர்கள் அடைப்புக்குறி வரை படிப்பதில்லை.

பதிவே செய்யாதவருக்குத் தண்டனை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. தனியாகத் தண்டனை குறிப்பிடப்படாத மீறல்களுக்கு 58ஆம் பிரிவின் கீழ் 2 லட்சம் ரூபாய் வரை விதிக்க முடியும். இன்னொரு சலுகையும் உண்டு. வாங்குபவர் கேட்ட தன்மையில், தரத்தில் உணவு இல்லை என்றால் பெரிய நிறுவனத்துக்கு 5 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். அதே குற்றத்துக்குச் சிறு தயாரிப்பாளரின் உச்சவரம்பு 25,000 ரூபாய்.

உடல்நலத்துக்கு ஊறு செய்யும் உணவு என்று வந்துவிட்டால் இந்தக் கருணை எதுவும் கிடையாது. பாதுகாப்பற்ற உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் ஏழு ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை சிறையும், 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் இழப்பீடு தனி. இதில் வீட்டு அடுக்களை, நட்சத்திர ஓட்டல் என்ற பேதம் இல்லை.

அடுக்களைக்கு என்ன நிபந்தனை?

சிறு தயாரிப்பாளர் கடைப்பிடிக்க வேண்டிய சுகாதார விதிகள், உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகளின் 4ஆம் அட்டவணையில் முதல் பகுதியாக இருக்கின்றன. குடிக்கத் தகுந்த நீர், மூடியுள்ள குப்பைத் தொட்டி, வெட்டிய நகம், புண் இருந்தால் அதன்மேல் கட்டு, தொற்றுநோய் இருப்பவர் உணவைத் தொடாமல் இருப்பது, பூச்சிமருந்தையும் சோப்பையும் உணவுப் பொருட்களோடு வைக்காமல் இருப்பது என்று பெரும்பாலானவை நல்ல அடுக்களையில் ஏற்கெனவே இருப்பவைதான். தனி அறை கட்டு, எஃகு மேடை போடு என்று சிறு தயாரிப்பாளரிடம் யாரும் கேட்பதில்லை.

எண்ணெயில்தான் வீட்டுப் பழக்கம் சட்டத்தோடு மோதுகிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. பொரித்த எண்ணெயை வடிகட்டி மறுநாள் தாளிக்க வைத்துக்கொள்வது குடும்பத்துக்குள் சிக்கனம். விற்பனைக்கு அது ஆகாது. எண்ணெய் கறுத்து, நுரைத்து, விரைவாகப் புகைந்தால் அளவுமானி இல்லாமலே விஷயம் தெரிந்துவிடும்.

எரிவாயுவையும் கவனிக்க வேண்டும். மானிய விலையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டு உபயோக சிலிண்டரை வணிகச் சமையலுக்குப் பயன்படுத்துவது எரிவாயு விநியோக ஆணைப்படி தவறு. வீட்டில் செய்து விற்போர் பெரும்பாலும் மறந்துவிடும் மீறல் இது.

பாக்கெட் போட்டவுடன் மாறும் கதை

ஆர்டர் வந்தபின் சமைத்து அன்றே கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டின் கதை இதுவரை சொன்னதோடு ஏறக்குறைய முடிந்துவிடும். முன்கூட்டியே அடைத்து, ஒட்டி, விற்பனைக்கு வைக்கும் பொட்டலம் என்றால் இன்னும் இரண்டு சட்டங்கள் உள்ளே நுழைகின்றன. ஒன்று, 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகள். மற்றொன்று, சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த பொட்டலப் பொருட்கள் விதிகள். இரண்டாவதைத் தமிழ்நாட்டில் கவனிப்பது தொழிலாளர் துறை. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டவர்கள் பின்னர் விழிப்பது இங்கேதான். பொட்டலமிடுபவர் தொழில் தொடங்கிய 90 நாட்களுக்குள் எடையளவுத் துறையிடமும் தனியாகப் பதிவு செய்யவேண்டும்.

மசாலாப் பொடி விற்பவருக்குப் பாக்கெட்டிலிருந்து தப்பிக்கவும் வழியில்லை. அரைத்த மசாலாப் பொருட்களைப் பொட்டலமிட்டே விற்கவேண்டும் என்பது தனி விதி.

150 ரூபாய் விலையுள்ள 250 கிராம் பருப்புப் பொடிப் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் இருக்க வேண்டியவை:

1. பண்டத்தின் பெயர். 'அம்மாவின் கைமணம்' என்பது பிராண்ட். பண்டத்தின் பெயர் பருப்புப் பொடி. இரண்டும் வேண்டும்.

2. சேர்மானங்கள், எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை. துவரம் பருப்பு, மிளகாய் வற்றல், பூண்டு, உப்பு, பெருங்காயம் என்று எழுதிவிட்டு நிறுத்திவிட முடியாது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும்.

3. ஒவ்வாமை எச்சரிக்கை. மேலே சொன்ன கோதுமை இங்கே மறுபடி வருகிறது. பசைப்புரதம் (குளூட்டன்) உள்ள தானியம், பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா ஆகியவை இருந்தால் தனியாகக் குறிப்பிடவேண்டும். பருப்புப் பொடியில் கோதுமை இருக்குமென்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கோதுமை ஒவ்வாத ஒருவர் அந்தப் பொடியைப் பாதுகாப்பானது என்று நம்பிச் சாப்பிடுவது அதனால்தான்.

4. சைவக் குறி. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். வட்டத்தின் விட்டம் சிறிய பாக்கெட்டிலும் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம்.

5. ஊட்டச்சத்து அட்டவணை. வீட்டு லேபிள்களில் பெரும்பாலும் விடுபடுவதும், இன்னொரு பாக்கெட்டைப் பார்த்துக் காப்பியடிக்கப்படுவதும் இதுதான். காப்பியடித்த அட்டவணை பொய்த் தகவல். இல்லாத அட்டவணையைவிட மோசம்.

6. தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும், எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும், 14 இலக்க எண்ணும், நுகர்வோர் தொடர்புக்கான விவரமும். தனியாக வசிக்கும் பெண் ஒருவர் தன் வீட்டு முகவரியை ஆயிரம் பாக்கெட்டில் அச்சடிக்க நேர்வதில் உள்ள சங்கடத்தை விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

7. நிகர எடை, தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், வரிகள் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை. கூடவே ஒரு கிராமின் விலையும் வேண்டும். இந்தப் பாக்கெட்டுக்கு 60 காசு. 'இந்த நாளுக்குள் உண்பது சிறந்தது' என்ற வாசகத்தை விருப்பப்பட்டால் சேர்க்கலாம், காலாவதி நாள் கட்டாயம்.

காலாவதி நாளை அரசு நிர்ணயித்துத் தராது. தயாரிப்பவரே முடிவுசெய்து, அதற்குப் பொறுப்பும் ஏற்கவேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் சில பாக்கெட்டுகளை எடுத்துவைத்து, வாரந்தோறும் ஒன்றைப் பிரித்து மணம், நிறம், சிக்கு வாடை பார்ப்பது குறைந்தபட்ச வேலை. ஊறுகாய்க்கு அது போதாது. புளிப்பு போதுமான அளவு இல்லாமல் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் பூண்டு, காற்றுப் புகாத சூழலில் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் நச்சுக்கு இடம் கொடுக்கும். அந்த நச்சுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. பூண்டு ஊறுகாய் விற்பவர் அமிலத்தன்மையின் பிஹெச் அளவு 4.6க்குக் கீழே இருக்கிறதா என்று ஆய்வகத்தில் ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது.

லேபிளின் மொழியிலும் ஒரு பொறி இருக்கிறது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்கவேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். தமிழில் மட்டும் அச்சடித்தால் செல்லாது. வாங்குபவர் அத்தனை பேரும் தமிழ் மட்டுமே படிப்பவர்களாக இருந்தாலும் விதி இதுதான்.

பொட்டலப் பொருளும் கணக்கில் வரும். செய்தித்தாளில் உணவைச் சுற்றுவதை 2018ஆம் ஆண்டின் பொட்டல விதிமுறைகள் தடை செய்கின்றன. அச்சு மை உணவில் இறங்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தாள், குவளை, பை முதலியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது.

பார்சல் மாநில எல்லையைத் தாண்டும்போது

ஜிஎஸ்டி பற்றிப் பரவலாக இருக்கும் நம்பிக்கை, 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை கவலை இல்லை என்பது. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவருக்கு அது சரி. சமைத்துப் பரிமாறும் உணவகச் சேவை என்றால் வரம்பு 20 லட்சம். உணவு விநியோகச் செயலிகள் வழியாக விற்கும் உணவகச் சேவைக்கு 2022 ஜனவரி 1 முதல் செயலி நிறுவனமே வரியைக் கட்டுகிறது.

ஆனால் வரி விதிக்கத்தக்க பண்டத்தை வேறு மாநிலத்துக்கு விற்பவருக்கு இந்த வரம்பே கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கைவினைப் பொருட்களுக்குத் தரப்பட்ட விலக்கு உணவுக்குத் தரப்படவில்லை. பெங்களூரில் இருக்கும் வாடிக்கையாளருக்குக் கூரியரில் அனுப்பும் ஒரு கிலோ அதிரசம் இந்த வலையில் விழும். சமூக ஊடகப் பக்கத்தில் 'இந்தியா முழுவதும் அனுப்பப்படும்' என்று எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டிய இடம் இது.

வாய்ச்சொல்லில் வரும் வம்பு

வீட்டுத் தயாரிப்புகள் விற்பது பெரும்பாலும் நம்பிக்கையின் பேரில். அந்த நம்பிக்கையை வளர்க்க எழுதும் விளம்பர வாசகங்களே சில சமயம் மற்ற பல மீறல்களைவிடப் பெரிய தண்டனையில் கொண்டுபோய் விடும். தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். 'சர்க்கரை நோயைக் குணமாக்கும் சிறுதானியக் கஞ்சி' என்று எழுதினால் 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது.

குழந்தைகளுக்கான சத்துமாவு இன்னும் நுட்பமானது. ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வயது வரையிலான குழந்தைக்குத் தாய்ப்பாலோடு துணையாகக் கொடுக்கும் உணவை விளம்பரப்படுத்துவதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. தாய்ப்பால் கொடுப்பது குறையக் கூடாது என்பது அதன் நோக்கம். 'ஆறாம் மாதம் முதல் கொடுக்கலாம்' என்று கொழுகொழுக் குழந்தையின் படத்தோடு போடப்படும் பதிவுகள் எல்லாம் இந்தச் சட்டத்தோடு உரசுபவை. பண்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விலக்கில்லை.

பண்டத்தையே நிறுத்திவைக்கும் உத்தரவுகளும் அவ்வப்போது வரும். ரோடமைன்-பி என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டதால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் தடைசெய்யப்பட்டது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை வந்தது. வீட்டில் சாண்ட்விச் செய்து விற்பவருக்கும் அது பொருந்தியது.

அதிகாரி வந்தால் என்ன நடக்கும்?

குறை கண்டவுடன் பூட்டுப் போடும் முறை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. முதலில் 32ஆம் பிரிவின்படி முன்னேற்ற அறிவிப்பு வரும். என்ன குறை, எதைச் சரிசெய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று அதில் எழுதியிருக்கவேண்டும். சரிசெய்யாவிட்டால் பதிவு இடைநிறுத்தம், அதற்கும் மசியாவிட்டால் ரத்து. பொதுமக்களின் உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் நேரடியாக நிறுத்த முடியும்.

மாதிரி எடுத்தால் அதை நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரையிடவேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவதை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்புமாறு விற்பவர் தம் செலவில் கேட்கலாம். பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டும். அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். மாதிரியாக எடுத்த பண்டத்துக்கு, வழக்கமாக விற்கும் விலையை அதிகாரி கொடுத்தாகவேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.